வலசைப் பறவைகள் விடைபெறும் நாள்

மழைக்காலம் ஓயும் தறுவாயில் வட இந்தியச் சிற்றூர்ப் பள்ளி முற்றங்களில், வாலை மேலும் கீழும் அசைத்துக்கொண்டு ஒரு சிறு பறவை வந்து இறங்குவதுண்டு. அதுவே வாலாட்டி. குளிர்காலம் நெருங்கிவிட்டது என்று பெரியவர்கள் கூறுவர். பிள்ளைகள் அதனைத் துரத்தி விளையாடுவர். சில நாட்களில் அப்பறவை முற்றத்தின் பழகிய பொருள்களுள் ஒன்றாகிவிடும். பிறகு அதனை எவரும் நின்று நோக்குவதில்லை. மார்ச் மாதம் கழிந்து ஏப்ரலும் பாதியான பின்னர், ஒரு நாள் எவரேனும் நினைவுகூர்ந்து, வாலாட்டி எங்கே என்று வினவினால், அஃது எந்த நாளில் போயிற்று என்று சொல்ல வல்லார் பெரும்பாலும் ஒருவரும் இரார்.

வரவு கண்ணிற்படுகிறது, செலவு படுவதில்லை. செலவு என்னும் சொல்லுக்குப் பண்டைத் தமிழில் பயணம் என்ற பொருளும் உண்டு. அப்பொருளிற் கொண்டால், நம் நாட்டிற்கு வந்து செல்லும் பறவைகளைப் பற்றிய கணக்கில் வரவுப் பக்கம் ஓரளவு எழுதப்பட்டும், செலவுப் பக்கம் பெரிதும் வெறுமையாகவும் இருத்தலைக் காணலாம். இதற்குக் காரணம் கவனக்குறைவு மட்டும் அன்று. நேற்று இல்லாத ஒன்று இன்று தோன்றினால் அது தானே கண்ணைக் கவரும். நேற்று இருந்த ஒன்று இன்று இல்லாமற் போயின், அதனைத் தேடிப் பார்த்தவர்க்கே அவ்வில்லாமை புலனாகும். ஆதலின் செலவை எழுதுவதற்கு நாள்தோறும் ஓரிடத்தில் இருந்து நோக்குவோர் வேண்டும். ஆசிரியரும் களப்பணியாளரும் அத்தகையோரே.

வசந்தத்தின் முதற் குறிகள்

இந்தியாவிற்குக் குளிர்காலத்தில் வரும் பறவைகளுட் பெரும்பாலானவை மத்திய ஆசிய வலசைப் பாதையைச் சேர்ந்தவை. வடதுருவக் கடலோரம் முதல் இந்துமகா சமுத்திரம் வரையில் 30 நாடுகளைத் தழுவிக் கிடக்கும் பெரும்பாதை அது. ஸைபீரியாவின் சதுப்பு நிலங்களிலும், கஸாக்ஸ்தானம், மங்கோலியா ஆகிய நாடுகளின் புல்வெளிகளிலும், திபெத்திய மேட்டு நிலத்து ஏரிகளிலும் முட்டையிட்டுக் குஞ்சு பொரிக்கும் பறவைகள், அங்கே பனி மூடும் காலத்தில் தெற்கு நோக்கிப் புறப்பட்டு இந்தியச் சமவெளிகளை அடைகின்றன. பிப்ரவரி மாதத்தின் பிற்பகுதியில் அவை திரும்பிச் செல்ல ஆயத்தம் செய்யத் தொடங்குகின்றன. ஏப்ரல் இறுதிக்குள் பெரும்பாலானவை போய்விடுகின்றன.

இந்த ஆயத்தத்தைக் கண்ணாரக் காண்பதற்கு ஏற்ற இடங்களுள் ஒன்று, ராஜஸ்தானத்தில் பரத்பூர் நகரையடுத்துள்ள கேவலாதேவ் தேசியப் பூங்கா. ஏறத்தாழ 29 சதுர கிலோமீட்டர் பரப்புள்ள இந்த நீர்நிலைத் தொகுதி 1981-இல் ராம்சார் உடன்படிக்கைப் பட்டியலிலும், 1985-இல் உலகப் பாரம்பரியச் சின்னங்களின் பட்டியலிலும் இடம் பெற்றது. ஜனவரியில் இங்கே வாத்துக் கூட்டங்கள் பகற்பொழுதை நீரில் மிதந்தபடி உறங்கிக் கழிக்கும். பிப்ரவரி இறுதியில் அவற்றின் நடத்தை மாறுகிறது. மாலைப் பொழுதில் கூட்டங்கள் எழும்பி, நீர்நிலையை இருமுறை மும்முறை வட்டமிட்டு, மீண்டும் இறங்குகின்றன. ஆண் வாத்துகள் கழுத்தை நீட்டியும் தலையைத் தாழ்த்தியும் துணை தேடுகின்றன. புறப்படுமுன்னரே பல இணைகள் கூடிவிடுகின்றன.

இறகின் நிறமும் அக்காலத்தில் மாறுபடுகிறது. குளிர்காலம் முழுதும் மங்கிய பழுப்பாகத் தோன்றிய மஞ்சள் வாலாட்டி, ஏப்ரலில் பளிச்சென்ற மஞ்சள் நிறம் பெறுகிறது. வளைந்த அலகுடைய உள்ளான் வகை ஒன்று, சாம்பல் நிறம் நீங்கிச் செங்கல் நிறம் அடைகிறது. ஒரே பறவையைச் செப்டம்பரிலும் ஏப்ரலிலும் காண்பவர் அவற்றை இரு வேறு இனங்கள் என்று மயங்குதல் எளிது.

எல்லாப் பறவைகளும் ஒருங்கே செல்வதில்லை. சாம்பல் நிறப் பெருவாத்துகள் மார்ச் மாதத்திலேயே விடைபெறும். ஊசிவால் வாத்துகளும் பிறவும் அவற்றைத் தொடர்ந்து செல்லும். ஆகஸ்டிலேயே வந்துவிடும் நீலச்சிறகி வாத்து, ஏப்ரல் வரையிலும், சில இடங்களில் மே வரையிலும் தங்கும். தெற்கே தக்காணத்திலும் கடற்கரைகளிலும் குளிர்காலத்தைக் கழித்த பறவைகளும் வடக்கு நோக்கிச் செல்லும் வழியில் இத்தகைய நீர்நிலைகளில் இறங்கி இளைப்பாறுவதுண்டு. ஆதலின் மார்ச்சில் ஓர் ஏரியில் காணும் உள்ளான்கள் ஜனவரியில் அங்கிருந்தவையே என்று கொள்வதற்கில்லை. இருந்தவை போயிருக்கலாம், போகிறவை வந்திருக்கலாம்.

நீர்நிலை இல்லாத ஊர்களிலும் காட்சிகளுக்குக் குறைவில்லை. தகைவிலான் குருவிகள் புறப்படுமுன் மின்கம்பிகளில் வரிசையாக வந்து அமர்கின்றன. இலவமும் புரசும் கலியாண முருக்கும் பூக்குங்காலத்தில் சூறைக்குருவிகள் பெருங்கூட்டமாக மரங்களை மொய்த்து, பூந்தேனை உண்டு, நெற்றியில் மகரந்தம் படிய வெளிவருகின்றன. இப்பறவைகள் கிழக்கு ஐரோப்பா முதல் மத்திய ஆசியா வரையுள்ள வெளிகளில் மே, ஜூன் மாதங்களில் வெட்டுக்கிளிகளை உண்டு இனம் பெருக்கி, ஜூலையிலேயே மீண்டும் இந்தியாவிற்கு வரத் தொடங்கிவிடுகின்றன. ஓர் ஆண்டில் ஏறத்தாழ மூன்று மாதங்களே அவை இந்நாட்டில் இல்லை. அவற்றை விருந்தினர் என்பதினும் சிறிது காலம் வெளியூர் சென்று வரும் குடித்தனக்காரர் என்பதே பொருந்தும்.

ராஜஸ்தானத்துப் பாலைவனத்தில் பலோடி நகரை அடுத்துள்ள கீசன் சிற்றூரில் வேறொரு காட்சியைக் காணலாம். குர்ஜா என்று அப்பகுதி மக்கள் அழைக்கும் சிறு கொக்குகள் ஆயிரக்கணக்கில் ஊரை ஒட்டிய வேலியிட்ட திடலில் இறங்கி, ஊரார் இறைக்கும் தானியத்தை உண்கின்றன. மழைக்காலத்தின் முடிவில் வரும் இவை மார்ச்சில் திரும்புகின்றன. ஊர் மக்களே தானியம் இறைப்பதால், திடல் வெறுமையாகும் நாளும் அவர்களுக்குத் தெரிந்துவிடுகிறது. அந்நீர்நிலைப் பகுதி 2025-இல் ராம்சார் பட்டியலிற் சேர்க்கப்பட்டது.

புறப்பாட்டைத் தூண்டுவது எது?

வெயில் ஏறுவதால் பறவைகள் ஓடிவிடுகின்றன என்பது பலருடைய எண்ணம். அது முழு உண்மையன்று. பல இனங்கள் வெயில் கடுமையாவதற்கு முன்பே, உணவு நிறைந்திருக்கும் பொழுதே புறப்படுகின்றன. வெளி உஷ்ணநிலை ஆண்டுக்கு ஆண்டு மாறுபடும். நம்பத்தக்க நாட்காட்டி ஆகாது. பகற்பொழுதின் நீளமோ ஒவ்வோர் ஆண்டும் பிசகாமல் மாறிவருவது. பரத்பூர் இருக்கும் அட்சரேகையில் டிசம்பர் இறுதியில் ஏறத்தாழப் பத்தரை மணி நேரமாக இருக்கும் பகல், மார்ச் 21-ஆம் நாளை ஒட்டி 12 மணி நேரமாகிறது.

பறவைகள் இந்நாட்காட்டியைப் படிக்கின்றன என்பதை முதலில் சோதனை வாயிலாகக் காட்டியவர் கானடா நாட்டின் அல்பெர்ட்டா பல்கலைக்கழகத்தில் பணியாற்றிய வில்லியம் ரோவன். அவர் 1924-ஆம் ஆண்டின் இலையுதிர் காலத்தில் ஜங்கோ என்னும் சிட்டினப் பறவைகளைப் பிடித்துத் திறந்த வெளிக் கூண்டுகளில் வைத்தார். ஒரு கூண்டில் மாலைதோறும் மின்விளக்கேற்றிப் பகலைச் சிறிது சிறிதாக நீட்டினார். மற்றொரு கூண்டை இயற்கை ஒளியிலேயே விட்டார். இரு கூண்டுகளும் அந்நாட்டின் உறையும் குளிரிலேயே இருந்தன. எனினும் விளக்கொளி பெற்ற பறவைகளின் இனப்பெருக்க உறுப்புகள் நடுக்குளிர்காலத்தில் வசந்தகால நிலையை அடைந்தன. குளிரோ வெப்பமோ அன்று, ஒளியின் அளவே காரணம் என்பது விளங்கிற்று.

இந்தியாவிலும் இத்துறையில் சிறந்த ஆராய்ச்சிகள் நிகழ்ந்துள்ளன. வயல்களில் தானியம் உண்ணும் கருந்தலைப் பண்டிங், செந்தலைப் பண்டிங் ஆகிய வலசைப் பறவைகளை வட இந்தியப் பல்கலைக்கழக ஆய்வுக்கூடங்களில் வைத்து விஞ்ஞானிகள் பல ஆண்டுகள் சோதித்துள்ளனர். நீண்ட பகலை ஒத்த ஒளி கிடைத்தவுடன் அப்பறவைகள் மிகுதியாக உண்கின்றன. தோலடியில் கொழுப்புச் சேர்கிறது. உடல் எடை ஏறுகிறது. பகலில் மட்டும் நடமாடி வந்த பறவை இரவில் உறங்காமல் கூண்டில் சிறகடிக்கத் தொடங்குகிறது. இவ்விரவு அமைதியின்மையே பயண வேட்கையின் அளவுகோலாகக் கொள்ளப்படுகிறது.

கொழுப்பே பயணத்தின் எரிபொருள். நெடுந்தொலைவு செல்லும் சிறு பறவைகளுட் சில, புறப்படுமுன் தம் எடையை ஏறத்தாழ இருமடங்காக்கிக் கொள்கின்றன. அவ்வாறு கொழுப்புச் சேர்ப்பதற்குச் சில வாரங்கள் இடையூறின்றி இரை தேட வேண்டும். பிப்ரவரி, மார்ச் மாதங்களில் ஓர் ஏரியோ வயலோ அவற்றிற்குத் தருவது உறைவிடம் மட்டும் அன்று, வழிச்சோறும் ஆகும்.

இமயத்தைக் கடக்கும் இரவு

அவ்வழிச்சோறு எத்தகைய பயணத்திற்குத் தேவைப்படுகிறது என்பதை வரித்தலை வாத்து நன்கு காட்டும். தலையின் பின்புறத்தில் இரண்டு கருங்கோடுகளை உடைய இப்பறவை, இந்திய நீர்நிலைகளிலும் ஆற்றங்கரை வயல்களிலும் குளிர்காலத்தைக் கழிக்கிறது. இமயத்திற்கு அப்பால் திபெத்து, மங்கோலியா முதலிய பகுதிகளிலும், லடாக்கில் 4,500 மீட்டர் உயரத்திலுள்ள த்ஸோ கார், த்ஸோ மோரிரி ஏரிகளிலும் கூடு கட்டுகிறது.

இப்பறவைகளுக்குச் செயற்கைக்கோள் வழியே இடம் காட்டும் சிறு கருவிகளைப் பொருத்தி நிகழ்த்திய ஆராய்ச்சிகளின் முடிவுகள் 2011-ஆம் ஆண்டு முதல் வெளிவந்தன. வடக்கு நோக்கிச் செல்லும் வாத்துகள் இமயத்தின் ஏற்றத்தை ஏறத்தாழ எட்டு மணி நேரத்தில், இடையில் நீண்ட ஓய்வின்றிக் கடக்கின்றன என்பது அவற்றால் தெரிந்தது. பகலில் பள்ளத்தாக்குகளில் மலை நோக்கி மேலெழும் காற்றை அவை பயன்படுத்திக்கொள்ளும் என்று முன்னர்க் கருதப்பட்டது. ஆனால் அவை காற்று அடங்கிய இரவையும் விடியற்காலையையுமே பெரிதும் விரும்பின. குளிர்ந்த காற்று அடர்த்தி மிக்கது. சிறகிற்கு நன்கு பிடிமானம் தருவது. பிராணவாயுவும் அதில் செறிந்திருக்கும். கருவிகள் காட்டிய மிகுந்த உயரம் 7,290 மீட்டர். ஆயினும் பெரும்பாலான நேரம் அவை கணவாய்களை ஒட்டி, கூடியவரை தாழ்வாகவே பறந்தன. வீரம் காட்டுவது அவற்றின் நோக்கமன்று. சேர்த்த கொழுப்பைச் சிக்கனமாகச் செலவிடுவதே நோக்கம்.

அவை இரவில் எழும்பிச் செல்வதனாலேயே ஊரார் அப்புறப்பாட்டைக் காண்பதில்லை. மாலையில் நீர் நிறைய இருந்த பறவைகள் காலையில் இரா. அந்த ஒரு காலையைக் குறித்து வைப்பதே நோக்குவோர் செய்யத்தக்க அரும்பணி.

கண்ணும் காதும் ஏமாறும் இடங்கள்

குறித்து வைப்பவர் சில மயக்கங்களைத் தவிர்க்க வேண்டும். முதலாவது, குயிலைப் பற்றியது. வசந்தத்தில் குயில் வந்தது என்று கூறுவது நாடெங்கும் உள்ள வழக்கு. குயில் பெரும்பான்மையான இடங்களில் ஆண்டு முழுவதும் உள்ள பறவையே. குளிர்காலத்தில் அது பெரும்பாலும் வாய் திறவாது அடர்ந்த மரங்களில் மறைந்திருந்து, பிப்ரவரி, மார்ச் மாதங்களில் கூவத் தொடங்குகிறது. முதற் கூவலைக் கேட்ட நாள் மதிப்புள்ள குறிப்பே. ஆனால் அது வருகை நாள் அன்று. கேட்டது, கண்டது என்னும் இரண்டையும் வெவ்வேறாக எழுத வேண்டும்.

இரண்டாவது, உள்ளூர்ப் பறவையையும் வலசைப் பறவையையும் ஒன்றாகக் கொள்ளுதல். வெள்ளை வாலாட்டி குளிர்கால விருந்தாளி. வெண்புருவ வாலாட்டி இந்தியாவிலேயே கூடு கட்டி வாழ்வது. பின்னதன் தலை கறுப்பு. கண்ணுக்கு மேலே வெண்கோடு தெளிவாக இருக்கும். இவ்வேற்றுமையை அறியாதவர் ஏட்டில் வாலாட்டி மே மாதத்திலும் போகாமல் இருக்கும்.

மூன்றாவது, நாட்டிற்குள்ளேயே இடம் மாறும் பறவைகள். காலையிலும் மாலையிலும் ஏறத்தாழ ஆறு மணிக்குக் குரல் கொடுப்பதால் தமிழ்நாட்டில் ஆறுமணிக்குருவி என்று பெயர் பெற்ற பறவை, தென்னாட்டிலும் இலங்கையிலும் குளிர்காலத்தைக் கழித்து, ஏப்ரல், மே மாதங்களில் வட இந்திய, மத்திய இந்தியக் காடுகளுக்குச் சென்று கூடு கட்டுகிறது. ஓர் ஊரில் செலவாக எழுதப்படுவது மற்றோர் ஊரில் வரவாக எழுதப்படும். இரண்டு ஏடுகளும் இருந்தாலன்றிப் பாதை தெரியாது.

நான்காவது, போகாமல் தங்கிவிடுபவை. கடற்கரைகளில் உள்ளான் இனத்தின் இளம்பறவைகள் பல, முதற் கோடையில் வடக்கே செல்வதில்லை. நோயுற்றதோ சிறகு முறிந்ததோ ஆன தனிப் பறவையும் பின்தங்கும். கடைசியாகக் கண்ட ஒரு பறவையை மட்டும் கொண்டு கூட்டத்தின் புறப்பாட்டைக் கணித்தல் ஆகாது என்பதை இவை உணர்த்தும்.

பரத்பூரில் நின்றுபோன வரவு

செலவுக் கணக்கு எத்துணை முக்கியமானது என்பதற்குப் பரத்பூரிலேயே ஒரு சான்று உண்டு. தூய வெண்ணிறமும் செந்நிற முகமும் உடைய சைபீரியக் கொக்கு, ஒருகாலத்தில் அந்நீர்நிலையின் பெருமையாக விளங்கிற்று. மேற்கு ஸைபீரியாவில் ஓப் ஆற்றுப் பகுதிச் சதுப்புகளிலிருந்து, 5,000 கிலோமீட்டருக்கும் மேற்பட்ட தொலைவைக் கடந்து அவை வந்தன. 1960-களின் நடுவில் அங்கே ஏறத்தாழ 200 கொக்குகள் எண்ணப்பட்டன. பின்னர் ஆண்டுதோறும் தொகை குறைந்தது. வழியிலுள்ள நாடுகளில் வேட்டையும், இடைத்தங்கல் ஏரிகள் வற்றியதும் அழிந்ததும் இதற்குப் பெருங்காரணங்கள். 2001-02 குளிர்காலத்தில் வந்தது ஓர் இணை மட்டுமே. அவ்விணை வசந்தத்தில் வழக்கம்போல் புறப்பட்டுச் சென்றது. 2002-க்குப் பின் சைபீரியக் கொக்கு பரத்பூருக்கு வரவேயில்லை. அவ்வினம் இப்பொழுது பெரும்பாலும் சீனாவின் போயாங் ஏரிப் பகுதியில் குளிர்காலத்தைக் கழிக்கும் கிழக்குக் கூட்டமாகவே எஞ்சியுள்ளது.

ஓர் இனம் ஓரிடத்திலிருந்து மறைவது பேரொலியுடன் நிகழ்வதன்று. ஒரு மார்ச் மாதத்தில் அது வழக்கம்போல் விடைபெறுகிறது. அடுத்த நவம்பரில் வருவதில்லை. பரத்பூரில் பல்லாண்டுகளாக எண்ணி எழுதி வைத்தோர் இருந்தமையால் அம்மறைவின் ஒவ்வொரு படியும் உலகிற்குத் தெரிந்தது. எழுதுவார் இல்லாத ஏரிகளில் எத்தனைப் பறவைகள் இவ்வாறு இறுதி விடை பெற்றன என்பதைக் கூற எவராலும் இயலாது.

பறவைகளின் காலக்கணக்கிற்கு இன்று வேறொரு முக்கியத்துவமும் ஏற்பட்டுள்ளது. புவியின் வெப்பம் ஏறிவருவதால் வடபுலங்களில் வசந்தம் முன்கூட்டியே தொடங்குகிறது. புழு பூச்சிகளும் முன்கூட்டியே பெருகுகின்றன. பகல் நீளத்தை நம்பித் தொலைநாட்டிலிருந்து புறப்படும் பறவைக்கு இம்மாற்றம் தெரிவதில்லை. நெதர்லாந்தில் ஈப்பிடிப்பான் இனம் ஒன்றைப் பற்றி 2006-இல் வெளியான ஆராய்ச்சி, புழுப்பெருக்கம் மிகவும் முந்திவிட்ட காடுகளில் அப்பறவைத் தொகை இருபது ஆண்டுகளில் ஏறத்தாழ 90 சதவீதம் குறைந்ததைக் காட்டிற்று. இந்தியாவிலிருந்து செல்லும் பறவைகள் புறப்பாட்டை மாற்றிக்கொள்கின்றனவா என்று அறிய, நெடுங்காலப் புறப்பாட்டுக் குறிப்புகளே துணை செய்யும்.

செலவை எழுதும் முறை

நாட்டில் நிகழும் முறையான கணக்கெடுப்புகள் சில உண்டு. ஆசிய நீர்ப்பறவைக் கணக்கெடுப்பு 1987 முதல் ஜனவரி மாதங்களில் நடைபெறுகிறது. பிப்ரவரியில் நான்கு நாட்கள் நடைபெறும் உலகப் பறவைக் கணக்கெடுப்பில் இந்தியா 2013 முதல் பங்கு கொள்கிறது. இவை குளிர்காலத்தில் எத்தனைப் பறவைகள் உள்ளன என்பதை நன்கு காட்டுவன. எப்பொழுது போகின்றன என்பதைக் காட்ட வேண்டுமாயின், பிப்ரவரியின் நடுவிலிருந்து மே மாதத் தொடக்கம் வரை ஒரே இடத்தைத் தொடர்ந்து நோக்க வேண்டும். 2007-இல் பெங்களூரிலுள்ள தேசிய உயிர்விஞ்ஞான மையமும் ‘இந்தியன் பேர்ட்ஸ்’ என்னும் ஏடும் சேர்ந்து தொடங்கிய ‘மைக்ரண்ட்வாட்ச்’ திட்டம், பொதுமக்களிடமிருந்து வருகை நாளையும் புறப்பாட்டு நாளையும் திரட்ட முற்பட்டது. இன்று அத்தகைய குறிப்புகளை ‘இ-பேர்ட்’ என்னும் பொதுத் தொகுப்பிற்கு எவரும் அனுப்பலாம்.

இப்பணிக்கு வேண்டுவன ஒரு குறிப்பேடும் எழுதுகோலும் ஒழுங்கும் மட்டுமே. இருநோக்காடி இருப்பின் நன்று. இல்லையெனினும் வாலாட்டி, தகைவிலான், சூறைக்குருவி போன்றவற்றை வெறுங்கண்ணால் அறியலாம். ஐயமின்றி அடையாளம் காணத்தக்க மூன்று அல்லது நான்கு இனங்களை மட்டும் எடுத்துக்கொள்வது போதும். நாள், நேரம், இடம், பறவையின் பெயர், எண்ணிக்கை ஆகிய ஐந்தும் ஒவ்வொரு குறிப்பிலும் இருத்தல் வேண்டும்.

எல்லாவற்றிலும் முக்கியமானது பூச்சியம். பறவையைத் தேடிக் காணாத நாளில் ஏட்டை மூடி வைத்துவிடுவதே பெரும்பாலோர் செய்யும் பிழை. அந்நாளில் ‘தேடினேன், காணவில்லை, 0’ என்று எழுதுதல் வேண்டும். ஓர் எடுத்துக்காட்டால் இது விளங்கும். ஓர் ஆசிரியர் மார்ச் 28-இல் வாலாட்டியைக் கண்டார், மறுபடியும் ஏப்ரல் 10-இல்தான் பார்த்தார், பறவை இல்லை. புறப்பாடு இவ்விரு நாட்களுக்கும் இடைப்பட்ட 13 நாட்களுள் எதிலும் நிகழ்ந்திருக்கலாம். மற்றோர் ஆசிரியர் நாள்தோறும் நோக்கி, மார்ச் 31-இல் 1 என்றும், ஏப்ரல் 1 முதல் 10 வரை 0 என்றும் எழுதினார். அவர் கணக்கில் பிழை ஒரு நாளுக்கு மேற்படாது. இருவரும் கண்டது ஒரே வாலாட்டியாக இருக்கலாம். விஞ்ஞானத்திற்கு உதவுவது இரண்டாம் ஏடே.

நீர்நிலைகளில் பெருங்கூட்டங்களை நோக்குவோர், வாரத்தில் ஒரு குறித்த நாளில், குறித்த நேரத்தில், ஒரே இடத்தில் நின்று எண்ணுதல் தகும். ஆண்டின் உச்ச எண்ணிக்கையில் பாதியாகக் கூட்டம் குறைந்த வாரம் எது என்பதை அதனால் அறியலாம். பின்தங்கிய ஒற்றைப் பறவையைக் கண்ட நாளைவிட அவ்வாரமே கூட்டத்தின் புறப்பாட்டை உண்மையாகக் காட்டும்.

காலில் வளையமிட்ட பறவை இறந்து கிடக்கக் கண்டால், அதனை வெறுங்கையால் தொடாமல், வளையத்திலுள்ள எழுத்தையும் எண்ணையும் படித்தோ படமெடுத்தோ பம்பாய் இயற்கை வரலாற்றுச் சங்கத்திற்குத் தெரிவிக்க வேண்டும். அச்சங்கம் டாக்டர் சலீம் அலியின் தலைமையில், உலக சுகாதார நிறுவனத்தின் உதவியோடு, 1959-இல் பெருமளவிலான வளையமிடும் பணியைத் தொடங்கிற்று. 1957-இல் மைசூர் ராஜ்யத்தில் கண்டறியப்பட்ட கியாசனூர்க் காட்டு நோயின் கிருமியை வலசைப் பறவைகள் வடக்கிலிருந்து கொணர்ந்திருக்குமோ என்னும் ஐயமே அதற்குத் தூண்டுதல். பறவைகள் பலவாக ஒரே காலத்தில் இறந்து கிடப்பின் உடனே கால்நடைத் துறைக்கும் வனத்துறைக்கும் அறிவிக்க வேண்டும். ஹிமாசலப் பிரதேசத்தில் பாங் அணை நீர்நிலையில் 2020-21 குளிர்காலத்தில் வரித்தலை வாத்துகள் பெருந்தொகையாக மாண்டபொழுது, பறவைக் காய்ச்சலே காரணம் என்பது சோதனையில் உறுதியாயிற்று.

பங்குனி நீரின் மதிப்பு

வனக்காவலர், நீர்ப்பாசன மேற்பார்வையாளர், மீன்துறை ஊழியர் ஆகியோருக்குப் புறப்பாட்டு நாள் ஏட்டளவில் நிற்கும் செய்தியன்று. வட இந்திய ஏரிகளில் மார்ச், ஏப்ரல் மாதங்களில் நீர் குறைகிறது. கோரை அறுத்தல், மீன்பிடி ஏலம், கரை திருத்தல், எஞ்சிய நீரைத் திறத்தல் ஆகியவை பறவைகள் போய்விட்டன என்னும் எண்ணத்தில் அப்போது தொடங்கப்படுதல் உண்டு. பெரிய வாத்துகள் போயிருக்கலாம். சேற்றோரத்தில், கண்ணிற்கு எளிதில் புலப்படாத உள்ளான்களும் வாலாட்டிகளும் தங்கள் நீண்ட பயணத்திற்குக் கொழுப்புச் சேர்க்கும் வாரங்களும் அவையே. இரண்டு மூன்று வாரம் பொறுத்துச் செய்யத்தக்க வேலையைப் பொறுத்துச் செய்தால், வேலையும் முடியும், பறவையும் பிழைக்கும். எத்தனை வாரம் பொறுக்க வேண்டும் என்பதைக் கூறவல்லது அவ்வேரியின் பழைய குறிப்பேடு ஒன்றே.

வலசை செல்லும் விலங்கினங்களைக் காப்பதற்கான சர்வதேச உடன்படிக்கையில் இந்தியா 1983 முதல் உறுப்பு நாடு. அவ்வுடன்படிக்கை நாடுகளின் பதின்மூன்றாவது மாநாடு 2020 பிப்ரவரியில் காந்திநகரில் நடைபெற்றது. மத்திய ஆசியப் பாதைக்கென 2018-இல் தேசியச் செயல்திட்டமும் வெளியிடப்பட்டது. திட்டங்கள் நாடளவில் வகுக்கப்படுவன. அவற்றிற்கு வேண்டிய செய்தியோ ஏரிதோறும், பள்ளிதோறும் திரட்டப்பட வேண்டுவது.

இங்கிலாந்தில் நார்போக் பகுதியைச் சேர்ந்த ராபர்ட் மார்ஷம் என்பவர் 1736-இல் தம் ஊரில் வசந்தக் குறிகளை ஏட்டில் எழுதத் தொடங்கினார். முதல் தகைவிலான் வந்த நாள், முதல் இலை விரிந்த நாள் முதலியவற்றை அவர் குறித்தார். அவருடைய குடும்பத்தார் அவ்வழக்கத்தை 1958 வரை தொடர்ந்தனர். அவர்கள் தொழில்முறை விஞ்ஞானிகள் அல்லர். ஆயினும் இன்று தட்பவெப்ப மாற்றத்தை ஆராய்வோர் அவ்வேட்டை நாடுகின்றனர்.

ஆசிரியரும் களப்பணியாளரும் ஓரிடத்தில் நெடுங்காலம் இருப்பதற்கில்லை. சில ஆண்டுகளில் மாற்றலாகிச் செல்ல நேரும். ஆதலின் பறவைக் குறிப்பேடு எழுதியவருக்கு உரியது அன்று. அது பள்ளிக்கும், வனக்காவற் சாவடிக்கும், ஏரிக்கும் உரியது. மாற்றலாகிச் செல்பவர் வருகைப் பதிவேட்டையும் சாவியையும் ஒப்படைக்கும்பொழுது இதனையும் அடுத்தவரிடம் ஒப்படைத்துச் செல்ல வேண்டும். அவ்வாறு செய்தால், எழுதியவர் போன பின்னரும், ஒவ்வொரு வசந்தத்திலும் அம்முற்றத்தை விட்டுப் பறவை புறப்படும் நாள் அவ்வேட்டில் தொடர்ந்து எழுதப்பட்டு வரும்.